முதலாளிக்கு என்ன ஆச்சு?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, வழக்கம்போல 'இளைஞனே, எழுந்திரு!' என்று ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மனசுக்குள் சில மாதங்களாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் ஒப்புக்கு எழுதியதாகத்தான் இருக்கும். எனவே நடந்ததைச் சொல்லி, அதைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம்.

டீ டைமில் பிறந்த செய்தி

போன லீவில் பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எனக்கு இன்பிளான்ட் டிரெயினிங் கிடைத்தது. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். கார் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிற நடுத்தரக் கம்பெனி. பெர்மனென்ட் ஆட்கள் கொஞ்சம், கான்ட்ராக்ட் ஆட்கள் நிறைய, நடுவே நம்மைப் போல டிரெயினிங் பசங்கள். முதலாளியை அங்கே எல்லாரும் 'எம்.டி.' என்றுதான் சொல்வார்கள். ஒற்றை லேத்தை வைத்துக்கொண்டு ஆரம்பித்து வளர்ந்தவர். தினமும் காலையில் ஷாப் ஃப்ளோரில் ஒரு ரவுண்டு வருவார். யாராவது கையுறை போடாமல் நின்றால் ஒன்றும் பேசாமல் முறைத்துவிட்டுப் போவார். அந்த முறைப்பே போதும்.

ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை காலை டீ டைமில் முதல் செய்தி பிறந்தது: "எம்.டி.க்கு உடம்பு சரியில்லையாம்." மதியம் கேன்டீனில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது அது, "ஹார்ட் அட்டாக்காம், ஐ.சி.யூ.வுல இருக்காராம்" என்று ஆனது. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது, "நேத்து ராத்திரியே போயிட்டாராம், வெளியில சொல்லாம வெச்சிருக்காங்களாம்!" வியாழக்கிழமை காலை அதற்கும் மேலே போய்விட்டது: "பையனுக்கு இந்தத் தொழில்ல இஷ்டமில்லையாம். கம்பெனியை விக்கப் போறாங்களாம். கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு இந்த மாசச் சம்பளமே சந்தேகமாம்."

ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஓர் 'ஆம்' ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். நம் பேச்சில் அந்த 'ஆம்' ஒன்று போதும். சொல்பவனுக்குப் பொறுப்பே கிடையாது. யாரோ சொன்னார்கள், நான் சொன்னேன், அவ்வளவுதான்.

இதில் என் பங்கையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அன்று ராத்திரி யாரோ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்று எனக்கு வந்தது. அதை நான் நம் கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பிலும், கம்பெனிப் பசங்கள் குரூப்பிலும் போட்டேன். போடும்போது மேலே ஒரு வரி டைப் செய்தேன்: "எங்க கம்பெனி எம்.டி. போயிட்டார்." 'போயிட்டாராம்' என்று வந்ததை 'போயிட்டார்' என்று ஆக்கியது நான்தான். அந்த 'ஆம்' இருந்தால் கெத்து குறைகிறதே!

என்னுடன் ஒரு செட்டர் அண்ணன் வேலை செய்தார். சி.என்.சி. மெஷினில் டூல் ஆஃப்செட் எப்படிக் கொடுப்பது என்று எனக்குக் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தவர். வந்தவாசிப் பக்கத்துக்காரர். நான்கு வருஷமாகக் கான்ட்ராக்ட்டில் இருந்தார். சீக்கிரம் பெர்மனென்ட் ஆகிவிடும் என்று சூப்பர்வைசர் நம்பிக்கை கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் அவர் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நீ படிச்ச புள்ள. இது நெசமா?"

நான் சொன்னேன்: "எல்லா குரூப்லயும் வருதுண்ணா. நெருப்பில்லாம புகையுமா?"

திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. வேறொரு லேபர் கான்ட்ராக்டர் மூலமாக ஒரகடத்தில் இன்னொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அங்கே புது ஆள் கணக்கு, குறைந்த சம்பளம், நான்கு வருஷ சர்வீஸ் பூஜ்யம். மூன்று வாரம் கழித்து எங்கள் எம்.டி. கொஞ்சம் இளைத்துப்போய், ஆனால் நன்றாகவே நடந்து, ஷாப் ஃப்ளோருக்குள் வந்தார். அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். கம்பெனியை விற்கவும் இல்லை, சம்பளம் நிற்கவும் இல்லை. அந்த மாதக் கடைசியில் கான்ட்ராக்டில் இருந்த சில பேருக்குப் பெர்மனென்ட் ஆர்டர் கொடுத்தார்கள். அந்த லிஸ்டில் அண்ணன் பெயர் இருந்ததாக சூப்பர்வைசரே என்னிடம் சொன்னார்.

ஆக, நெருப்பு இருந்தது உண்மைதான். ஆனால் அடுப்பு நெருப்பை வைத்து ஊரே எரிகிறது என்று கத்தியவர்களில் நானும் ஒருவன்.

நம் ரோட்டிலேயே எத்தனை பெயர்ப் பலகை!

இது ஏதோ ஒரு சின்னக் கம்பெனியின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம் தொங்கும் பெரிய பெரிய பெயர்ப் பலகைகளுக்குப் பின்னாலும் இதே கதை நடந்திருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் நம் ஊர் அக்கா தங்கச்சிகள் ஐபோன் பூட்டுகிறார்களே, அந்த ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் கதையைப் பாருங்கள். 2004-இல் அவருக்குக் கணையத்தில் கட்டிக்கு ஆபரேஷன் நடந்தது. 2008-இல் ஒரு கூட்டத்தில் ரொம்ப இளைத்துப்போய் மேடை ஏறினார். உடனே உலகம் முழுக்கப் பேச்சு. கம்பெனி தரப்பில், சாதாரணக் கிருமித் தொற்று என்று சமாதானம் சொன்னார்கள். அந்த ஆகஸ்டில் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம், முன்கூட்டியே எழுதி வைத்திருந்த அவருடைய இரங்கல் குறிப்பைத் தவறுதலாக வெளியிட்டுவிட்டது! அக்டோபரில் அவருக்கு மாரடைப்பு என்று யாரோ ஒருவர் கிளப்பிய பொய்ச் செய்தியால் சில நிமிடத்தில் பங்கு விலை சரிந்தது. மறுப்பு வந்த பிறகுதான் ஓரளவு மீண்டது. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையமே விசாரிக்க வேண்டியதாயிற்று. கடைசியில் மனுஷன் மேடையில் தன் பிரஷர் 110/70 என்று ஸ்லைடு போட்டுக் காட்டும் நிலைமை வந்தது!

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். 2009 ஜனவரி 5-ஆம் தேதி, உடம்பில் ஹார்மோன் கோளாறு, சிகிச்சை எளிதுதான் என்று கடிதம் எழுதினார். ஒன்பதே நாளில், ஜனவரி 14-ஆம் தேதி, நினைத்ததைவிடச் சிக்கலாக இருக்கிறது என்று சொல்லி மருத்துவ விடுப்பில் போனார். அந்த வருஷம் அவருக்குக் கல்லீரல் மாற்று ஆபரேஷன் நடந்தது. உலகத்துக்கு அது ஜூன் மாதம் பத்திரிகை மூலமாகத்தான் தெரிந்தது. 2011 ஆகஸ்டில் பதவியை விட்டார். அக்டோபர் 5-ஆம் தேதி காலமானார்.

இதில் யார் செய்தது தப்பு? மாரடைப்பு என்று எழுதியவன் செய்தது அப்பட்டமான பொய். ஆனால் 'ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை' என்று சொல்லிக்கொண்டே வந்த கம்பெனியும் அந்தப் பொய் முளைப்பதற்கு நிலத்தை உழுது வைத்தது என்பேன்.

அடுத்தது சுங்குவார்சத்திரம் பக்கம் இருக்கும் சாம்சங். அதன் தலைவர் லீ குன்-ஹீக்கு 2014 மே மாதம் மாரடைப்பு வந்தது. அதன் பிறகு அவர் ஆறு வருஷத்துக்கும் மேலாக ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். 2020 அக்டோபர் 25-ஆம் தேதிதான் காலமானார். இடைப்பட்ட வருஷங்களில் அவர் இறந்துவிட்டதாகக் கொரியாவில் பல தடவை வதந்தி கிளம்பியது. 2016 ஜூன் மாதக் கடைசியில் கிளம்பிய வதந்தியில் ஒரு வேடிக்கை: சாம்சங் குழுமத்தின் பங்கு விலை இறங்கவில்லை, ஏறியது! தலைவர் போனால் வாரிசுக்காகக் குழுமத்தைத் திருத்தி அமைப்பார்கள், அதில் லாபம் பார்க்கலாம் என்று சந்தை கணக்குப் போட்டது. கம்பெனி மறுத்தது, போலீஸ் விசாரணை நடந்தது. ஒரு மனுஷன் சாவைச் சொல்லி லாபம் பார்க்க முடியும் என்றால், அந்தச் செய்தியைப் பரப்ப ஆள் கிடைக்காமலா போகும்?

நம் நாட்டுக்கு வருவோம். 2024 அக்டோபர் 7-ஆம் தேதி ரத்தன் டாடா ஆஸ்பத்திரியில் கவலைக்கிடமாக இருக்கிறார் என்று செய்தி பரவியது. அன்றே அவர் பெயரில் அறிக்கை வந்தது: வயதுக்கேற்ற பரிசோதனைகள்தான், கவலைப்பட ஒன்றுமில்லை, தவறான தகவலைப் பரப்பாதீர்கள் என்று. இரண்டு நாளில், 9-ஆம் தேதி ராத்திரி, மும்பை பிரீச் கேண்டி ஆஸ்பத்திரியில் 86 வயதில் அவர் காலமானார்.

இந்த இடத்தில் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் 2012 டிசம்பரிலேயே டாடா சன்ஸ் தலைவர் பதவியை விட்டு விலகியவர். பிறகு 2016-17-இல் சில மாதம் மட்டும் இடைக்காலமாகப் பார்த்தார். அதன் பிறகு டாடா கம்பெனிகளின் தினசரி நிர்வாகம் அவர் கையில் இல்லை. வயதான மனுஷர், நிம்மதியாக இருக்க விடுங்கள் என்று கேட்டார். அது அவர் உரிமை. ஆனால் அந்த இரண்டு நாள் ஜனங்கள் மனசில் ஒரு பாடத்தைப் போட்டுவிட்டது: 'ஒண்ணுமில்லைன்னு சொன்னா என்னமோ இருக்குன்னு அர்த்தம்.' அடுத்த தடவை வேறு யாராவது உண்மையாகவே நன்றாக இருந்து, நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

நமக்கு இது புதுசா?

தமிழ்நாட்டுக்காரர்களான நமக்கு இந்தப் பாடம் ரொம்பப் பழசு. 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோவில் சேர்க்கப்பட்டு, பிறகு அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார். ஊரெல்லாம் வதந்தி. அந்த டிசம்பர் தேர்தலுக்கு முன்பு, அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் படத்தை ஊர் ஊராகப் போட்டுக் காட்டிய பிறகுதான் ஜனங்களுக்கு மூச்சு வந்தது என்று எங்கள் தாத்தா சொல்வார். 2016-இல் ஜெயலலிதா செப்டம்பர் 22-ஆம் தேதி சேர்க்கப்பட்டபோது காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்றார்கள். 75 நாள் கழித்து டிசம்பர் 5-ஆம் தேதி அவர் காலமானார். இடையில் ஒரு படம்கூட வெளியே வரவில்லை. வதந்தி பரப்பியதாகப் போலீஸ் கேஸ் போட்டது, கைது செய்தது. வதந்தி நின்றதா? கடைசியில் விசாரணை ஆணையம் அமைத்து, 2022-இல் அறிக்கை வந்த பிறகும் டீக்கடையில் அந்தப் பேச்சு ஓயவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று பெரியவர்கள் சொன்னது சரிதான். ஆனால் ஊர் வாய் ஏன் திறக்கிறது என்று யாராவது யோசித்தார்களா?

கேள்வி உடம்பைப் பற்றியது இல்லை

நான் யோசித்தேன். எங்கள் கம்பெனியில் அந்த நாலு நாள் நடந்ததைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். எம்.டி.யின் இதயத்தில் எத்தனை அடைப்பு என்று தெரிந்துகொள்ள அங்கே யாருக்கு ஆசை? ஈ.சி.ஜி.யைக் கொண்டுவந்து காட்டினால் எங்களில் யாருக்குப் படிக்கத் தெரியும்? 'முதலாளிக்கு என்ன ஆச்சு?' என்று வாய் கேட்டது. மனசு கேட்ட கேள்வி வேறு: 'எனக்கு என்ன ஆகும்? ஏழாம் தேதி சம்பளம் வருமா? யார் கையெழுத்துப் போடுவார்கள்?'

அந்தக் கேள்விக்கு நோட்டீஸ் போர்டில் நாலு வரி எழுதி ஒட்டியிருந்தால் போதும். 'நிர்வாக இயக்குநர் சிகிச்சைக்காக விடுப்பில் இருக்கிறார். சில வாரங்களில் திரும்புவார். அதுவரை இன்னார் பொறுப்பு. சம்பளம் வழக்கமான தேதியில் வரும்.' முடிந்தது கதை! இதில் அவருடைய நோயைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கிறதா? மானம் போகிறதா? ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாக, துணிந்து போய்க் கேட்ட இரண்டு பேருக்கு எச்.ஆர். ஆபீஸில் கிடைத்த பதில், "அது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம். மெஷினைப் பாருங்க."

வாரன் பஃபெட் என்று அமெரிக்காவில் பெரிய முதலீட்டாளர். 2012 ஏப்ரலில், தன் 81-ஆம் வயதில், தனக்கு ஆரம்ப நிலையில் புராஸ்டேட் புற்றுநோய் இருப்பதைப் பங்குதாரர்களுக்கு அவரே கடிதம் எழுதிச் சொன்னார். என்ன சிகிச்சை, எத்தனை மாதம், அந்த நாட்களில் எந்த வேலை நடக்கும், நிலைமை மாறினால் உடனே தெரிவிப்பேன் என்பது வரை சொல்லிவிட்டார். கிளப்பிவிடுவதற்கு யாருக்கும் மிச்சம் ஒன்றும் இல்லை!

எல்லாரும் பஃபெட் மாதிரி நோயின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நோய் அவரவர் சொந்த விஷயம். ஆனால் வேலை நடக்குமா என்பது அவருடைய சொந்த விஷயம் இல்லை. அது எங்கள் எல்லாருடைய விஷயம்.

சட்டம் யாருக்கு இருக்கிறது?

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனியின் நிர்வாக இயக்குநரோ தலைமைச் செயல் அதிகாரியோ, எந்த 90 நாளிலும் 45 நாளுக்கு மேல் வழக்கம்போல் வேலை பார்க்க முடியாமல் போனால், காரணத்தோடு சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும். செபி கொண்டுவந்த இந்த விதி 2023 ஜூலையில் அமலுக்கு வந்தது. முக்கிய ஊடகங்களில் வரும் செய்தி பங்கு விலையைப் பெரிதாக அசைத்தால், 24 மணி நேரத்துக்குள் உண்டு, இல்லை அல்லது விளக்கம் என்று ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும் என்று இன்னொரு விதியும் இருக்கிறது. 2024 ஜூன் முதல் முதல் 100 பெரிய கம்பெனிகளுக்கு, டிசம்பர் முதல் 250 கம்பெனிகளுக்கு.

நல்ல விதிகள்தான். ஆனால் யாருக்காக? பங்கு வாங்கியவருக்காக. பணம் போட்டவருக்குத் தகவல் உரிமை. உழைப்பைப் போட்டவருக்கு, 'மெஷினைப் பாருங்க'! பிள்ளைப்பாக்கத்தில் இருக்கும் எத்தனையோ சின்ன, நடுத்தரக் கம்பெனிகள் சந்தையில் பட்டியலிடப்படாதவை. அவற்றுக்கு இந்த விதி ஒட்டவே ஒட்டாது. தவிர, 45 நாள் என்பது முதலீட்டாளருக்குச் சின்ன காலம். மாதச் சம்பளக்காரனுக்கு ஒரு சம்பளத் தேதி போய் அடுத்தது நெருங்கிவிடும்.

இதன் மறுபக்கத்தையும் நாம் மறக்கக் கூடாது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கணக்கான பெண்கள் உடம்பு முடியாமல் போனார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. யாரும் சாகவில்லை என்று அதிகாரிகள் சொன்னதை நம்பாமல், ஆயிரக்கணக்கான பெண்கள் ராத்திரி முழுக்கச் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-ஆம் தேதிதான் திறந்தது. இறந்தார்கள் என்பது பொய். ஆனால் விடுதியும் சாப்பாட்டுக் கூடமும் தரமாக இல்லை என்பதை ஆப்பிளும் ஃபாக்ஸ்கானும் பிறகு ஒத்துக்கொண்டன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கு சிப்காட் கட்டிய விடுதி திறக்கப்பட்டது.

யோசித்துப் பாருங்கள் நண்பர்களே! தலைவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் பங்குச் சந்தைக்குக் கடிதம் போகிறது. தோழிக்கு உடம்பு முடியவில்லை என்றால், அவள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள நெடுஞ்சாலையில் உட்கார வேண்டியிருக்கிறது. அந்தப் பெண்களை வதந்தியை நம்பிய முட்டாள்கள் என்று பேசியவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நம்பும்படி யார் அவர்களிடம் பேசினார்கள்?

நாம் என்ன செய்யலாம்?

நிர்வாகத்தைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. இன்னும் சில மாதத்தில் நம்மில் பாதிப் பேர் இதே ரோட்டில் ஏதாவது ஒரு கேட்டுக்குள் ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்டு நுழையப் போகிறோம். மெட்ராலஜி லேபில் வெர்னியரைக் கையில் எடுத்ததும் சார் முதலில் என்ன கேட்பார்? "ஜீரோ எரர் பார்த்தியா?" கருவி சரியா என்று பார்க்காமல் எடுத்த அளவை அவர் நோட்டில் எழுதவே விடமாட்டார். ஒரு இரும்புத் துண்டுக்கே இவ்வளவு ஜாக்கிரதை என்றால், ஒரு மனுஷனின் உயிரைப் பற்றிய செய்திக்கு எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும்?

என் அனுபவத்தில் மூன்று கேள்வி போதும்.

ஒன்று, நேரில் பார்த்தவர் யார்? எங்கள் கம்பெனியில் அந்தச் செய்தியைச் சொன்ன நாற்பது பேரில் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தவர் ஒருவர்கூடக் கிடையாது.

இரண்டு, இதனால் யாருக்கு லாபம்? கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சம்பளம் வராது என்ற பேச்சு பரவிய அதே வாரம்தான் வெளியே ஒரு கான்ட்ராக்டர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவர்தான் கிளப்பினார் என்று நான் சொல்லவில்லை, அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியே அப்போது எனக்குத் தோன்றவில்லையே!

மூன்று, செய்தி உண்மையாகவே இருந்தாலும், அதிலிருந்து நான் போடும் முடிவு சரியா? இதில்தான் நான் கோட்டை விட்டேன். கம்பெனி என்பது சட்டப்படி தனி ஆள். நிர்வாக இயக்குநர் இறந்தாலும் கம்பெனி இறக்காது என்று நாமே மேனேஜ்மென்ட் பேப்பரில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். கான்ட்ராக்டர் சம்பளம் கொடுக்கத் தவறினால் பிரதான முதலாளியே கொடுத்தாக வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொன்னது. பின்னால் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அதைக் கைவிடவில்லை. எம்.டி. உண்மையாகவே போயிருந்தாலும் செட்டர் அண்ணனின் சம்பளம் போயிருக்காது. இதை அவரிடம் சொல்ல வேண்டியவன் நான். படித்தவன் என்று நம்பித்தானே என்னிடம் கேட்டார்?

கூடவே இன்னொன்று. வேலைக்குப் போன இடத்தில் தனித்தனியாகக் காதோடு காது பேசுவதைவிட, நாலு பேர் சேர்ந்து மரியாதையாகப் போய், "சார், யார் பொறுப்பு, சம்பளம் எப்போ?" என்று நேராகக் கேட்கலாம். சங்கம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? கேட்க ஓர் இடம் இருந்தால், கிசுகிசுக்க அவசியம் இருக்காது.

கடைசியாக ஒன்று

டிரெயினிங் முடிந்து வந்த பிறகு ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு செட்டர் அண்ணனுக்குப் போன் செய்தேன். லிஸ்டில் அவர் பெயர் இருந்த விஷயம் அவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். "விடு தம்பி, நீ மட்டுமா சொன்னே, ஊரே சொல்லுச்சு" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஊரில் ஒருவனாக என்னைச் சேர்த்துவிட்டாரே, அதுதான் இன்றைக்கும் சுடுகிறது. ஏனென்றால் அவர் ஊரிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்.

நண்பர்களே, டிப்ளமோ சர்டிபிகேட்டோடு நமக்கு இன்னொன்றும் சேர்ந்தே வருகிறது. நாம் சொல்வதை நம்ப நாலு பேர் வருவார்கள். நாளைக்கு உங்கள் ஷாப் ஃப்ளோரில் யாராவது ஓர் அண்ணனோ அக்காவோ வந்து, "தம்பி, நீ படிச்ச புள்ள, இது நெசமா?" என்று கேட்டால், தயவுசெய்து என்னைப் போலப் பதில் சொல்லாதீர்கள்.

"எனக்குத் தெரியலண்ணா. கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி போய்க் கேளுங்கள்.

— இறுதியாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை